காண்ட்ராக்ட் நம்பர் இல்லாம அப்பரண்டிஸ்னு யாரு கூப்பிட்டாலும் போயிராதீங்க (ராம்நாட் அனுபவம்)

ஐடிஐ முடிச்சிட்டு அப்பரண்டிஸ் (தொழில் பழகுநர் பயிற்சி) தேடுறவங்களுக்காக எழுதுறேன், முக்கியமா நம்ம மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கத்து பசங்களுக்கு. நான் டீசல் மெக்கானிக், ஒரு வருஷ கோர்ஸ். படிப்பு நல்லபடியா முடிஞ்சுது, அதுல சொல்ல ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் நடந்ததுதான் இன்னும் மனசு ஆறல.

ராம்நாட்ல ஒரு வண்டி சர்வீஸ் கம்பெனி, பேரு வேணாம். அப்பரண்டிஸ் எடுக்குறோம்னு கூப்பிட்டு சர்டிபிகேட் ஜெராக்ஸ், ஆதார், போட்டோ எல்லாம் வாங்கிக்கிட்டு ஒரு தாள்ல கையெழுத்தும் வாங்குனாங்க. விடியக்காலைல பஸ் ஏறுனா வீட்டுக்கு வர ராத்திரி ஆயிரும். வேலைன்னு பாத்தா வாட்டர் வாஷ், ஆயில் மாத்துறது, இதான், எஞ்சின் பக்கமே விடல. மாசம் 5,000, லீவு போட்டா அதுலயும் பிடிப்பாங்க. காண்ட்ராக்ட் என்னாச்சுன்னு எப்ப கேட்டாலும் ஹெச்ஆர் மேடம் "ப்ராசஸ்ல இருக்கு"ன்னே சொல்லிட்டு இருந்தாங்க. கூட படிச்ச பையன் ஒருத்தன் மதுரைல அப்பரண்டிஸ் பண்றான், அவன் போன் பண்ணி ட்ரேட் டெஸ்ட் உனக்கு எப்பன்னு கேட்டப்பதான் சந்தேகம் வந்து அப்பரண்டிஸ்ஷிப் போர்ட்டல்ல லாகின் பண்ணி பாத்தேன், என் பேர்ல ஒரு காண்ட்ராக்டும் இல்ல. போய் கேட்டா "நீங்க கம்பெனி ட்ரெய்னிப்பா, ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்லிட்டாங்க.

ரெண்டும் ஒண்ணே இல்லங்க. 1961 அப்பரண்டிஸ் சட்டப்படி முதலாளியும் நம்மளும் காண்ட்ராக்ட் போட்டு அது போர்ட்டல்ல பதிவானாதான் அப்பரண்டிஸ். அப்பதான் முடிச்சதும் அகில இந்திய தொழில் தேர்வு எழுதி என்ஏசி (தேசிய அப்பரண்டிஸ்ஷிப்) சர்டிபிகேட் வாங்க முடியும். பதிவு இல்லன்னா எத்தனை மாசம் வேலை பாத்தாலும் அந்த தேர்வுக்கு அது கணக்குல வராது. இன்னொண்ணும் இருக்கு. சட்டப்படி சேந்த அப்பரண்டிஸ் தொழிலாளி கணக்குல வரமாட்டான், பயிற்சி எடுக்குறவன்தான், அதனால முதலாளி அவனுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவ காப்பீடு) கட்ட வேண்டாம். ஆனா அந்த விலக்கு 1961 சட்டத்துல சேந்தவங்களுக்கு மட்டும்தான். பேருக்கு ட்ரெய்னின்னு வச்சுக்கிட்டு முழு வேலை வாங்கிட்டு ஈஎஸ்ஐயும் கட்டாம, காண்ட்ராக்டும் போடாம இருந்தா அது நம்மள ஏமாத்துறதுதான். எனக்கு அங்க போன மாசமெல்லாம் வீணாப்போச்சு. ஒரு அனுபவ கடிதம் குடுங்கன்னு கேட்டதுக்குக்கூட தரல.

அப்புறம் மண்டபத்துல போட் எஞ்சின் வேலை பாக்குற பட்டறை ஒண்ணு, அப்பாவுக்கு தெரிஞ்ச அண்ணே ஒருத்தரோடது, ஆறேழு பேரு வேலை பாக்குறாக. அண்ணே எடுத்துக்க ரெடி, ஆனா "இந்த கவர்மெண்ட் பதிவெல்லாம் நமக்கு எதுக்குப்பா, நாளைக்கு பிஎஃப் கட்டு, நிரந்தரமா வேலை குடுன்னு வந்து நிப்பாக"ன்னு பயந்தாரு. அவர கூட்டிக்கிட்டு மாவட்ட திறன் பயிற்சி அலுவலகத்துக்கே போயிட்டேன். அங்க இருந்த சார் உக்கார வச்சு பொறுமையா சொன்னாரு. 30 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா அப்பரண்டிஸ் கட்டாயம் எடுத்தே ஆகணும், மொத்த ஆள்ல 2.5 சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும். 4 பேர்ல இருந்து 29 பேரு வரைக்கும் இருந்தா விருப்பப்பட்டா எடுக்கலாம். முடிஞ்சதும் வேலை குடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல, காண்ட்ராக்ட்லயே அப்படி எழுதியிருந்தா ஒழிய. ஆனா பட்டறைல அடிபட்டா நஷ்ட ஈடு முதலாளி பொறுப்பு, அதுல தப்பிக்க முடியாது. 2019 விதிப்படி ஐடிஐ முடிச்சவனுக்கு குறைஞ்சது மாசம் 7,000, அதுல கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூவா, மத்திய அரசு தரும். மீதி 5,500 அண்ணே குடுத்தா போதும். இத கேட்டதும் அண்ணே முகமே மாறிருச்சு, அன்னைக்கே பான், ஜிஎஸ்டி விவரமெல்லாம் எடுத்துட்டு வந்து பட்டறைய பதிவு பண்ணிட்டாரு.

இனிமே ஈஸின்னு நெனச்சா இனிஷியல் வந்து நின்னுச்சு. ஆதார்ல என் பேரோட அப்பா பேரு முழுசா இருக்கு, ஐடிஐ சர்டிபிகேட்லயும் பத்தாவது மார்க் ஷீட்லயும் வெறும் எழுத்துதான். போர்ட்டல் ஆதார் பேரத்தான் எடுக்குது, சர்டிபிகேட்டோட ஒத்துப்போகல. ஆதார் சென்டருக்கு போனா மொத நாள் டோக்கன் முடிஞ்சிருச்சு, மறுபடி போனா சர்வர் இல்ல, அடுத்து போனப்ப ஒரிஜினல் மார்க் ஷீட் வேணும்னு திருப்பி அனுப்புனாங்க, இத மொத நாளே சொல்லியிருந்தா பஸ் காசாவது மிஞ்சியிருக்கும். தயவுசெஞ்சு ஐடிஐ படிக்கும்போதே பேர சரி பண்ணி வச்சிருங்க, கையில பத்தாவது ஒரிஜினல் இல்லாம ஆதார் சென்டர் பக்கம் போகாதீங்க.

பேரு சரியானதும் காண்ட்ராக்ட் வந்துச்சு, அண்ணே ஒரு பக்கம் ஓகே குடுத்தாரு, நான் என் லாகின்ல ஓகே குடுத்தேன், நம்பர் வந்துச்சு. அந்த பிடிஎஃப்ப பிரிண்ட் எடுத்து வீட்ல வச்சிருக்கேன்.

அண்ணே குடுக்குற 5,500 மாசாமாசம் வந்துரும். அரசு பங்குதான் வரவே இல்ல. 2023ல இருந்து அது முதலாளிக்கு போறதில்ல, நேரா நம்ம கணக்குக்கு, அதுவும் ஆதார் எந்த கணக்கோட சீடிங் (அரசு பணம் போகவேண்டிய கணக்குன்னு பதிவு) ஆயிருக்கோ அதுக்குத்தான் வரும். பேங்க்ல கேட்டா "ஆதார் லிங்க் ஆயிருக்கே, எங்ககிட்ட ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பேங்க் லிங்க் வேற, சீடிங் வேறங்க. ஆதார் வெப்சைட்லயே பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பாக்கலாம். பாத்தா பள்ளிக்கூடத்துல ஸ்காலர்ஷிப்புக்கு ஆரம்பிச்ச பழைய கணக்க காட்டுது. அம்மா பீரோவ கிண்டி பாஸ்புக்க எடுத்துக் குடுத்தாக, போயி என்ட்ரி போட்டு பாத்தா மொத்த பணமும் அதுல வரிசையா விழுந்திருக்கு! அங்கயே உக்காந்து அழுதுட்டேன்.

பட்டறைல வேலை பத்தி ஒண்ணு சொல்லணும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், போட்டெல்லாம் சும்மா நிக்கும், அப்பதான் எஞ்சின கழட்டி இறக்குவாக. பிஸ்டன், லைனர், பம்பு, நாசில்னு கம்பெனில கண்ணுல காட்டாதத எல்லாம் இங்க என் கையாலயே கழட்டி மாட்டுனேன். நம்ம கரையில டீசல் மெக்கானிக் படிச்சவன் வண்டி கம்பெனிக்குத்தான் போகணும்னு இல்ல.

சேரும்போது ஸ்டைபண்ட் (மாசாமாசம் தர்ற பயிற்சிப் பணம்) தொகை என்னன்னு போர்ட்டல்ல ஒரு தடவை பாத்துக்கங்க, வருகைப் பதிவுல நீங்களும் ஒரு கண்ணு வச்சுக்கங்க, தேர்வுக்கு அது முக்கியம். பாதில ஓடிவந்தா பயிற்சி செலவ திருப்பிக் கட்டுன்னு முதலாளி கேக்கலாம், அவுக ஒப்பந்தத்த மீறி நம்மள வெளிய அனுப்புனா நஷ்ட ஈடு நமக்கு. தகராறு வந்தா அப்பரண்டிஸ் அட்வைசர்ங்கிற அரசு அதிகாரிகிட்ட எழுதிக் குடுக்கலாம், அதுக்கும் காண்ட்ராக்ட் நம்பர்தான் கேப்பாங்க.

நான் அடுத்து தேர்வுக்கு படிச்சிட்டு இருக்கேன். அண்ணே இன்னொரு ஆள் எடுக்கணும்னு சொல்லியிருக்காரு, இந்த தடவை அவரே போர்ட்டல்ல போடுறேன்னாரு. டீசல் மெக்கானிக் முடிச்சவங்க ப்ரொஃபைல இப்பவே போட்டு, சீடிங்கும் பாத்து வைங்க.