நிறத்துக்குள் இருந்த கோட்டுத் தடிமன்

பாளையங்கோட்டையில் நான் வரைவாளராக வேலை பார்க்கும் கட்டடப் பொறியாளர் அலுவலகத்திற்கு, பழைய வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்க வேண்டும் என்று வருகிறவர்கள் இப்போது அதிகம். பெருமாள்புரத்திலிருந்தோ மகாராஜநகரிலிருந்தோ அவர்கள் கொண்டுவரும் அமோனியா பிரிண்ட் (அந்நாளைய வரைபட நகல்), மடித்த இடமெல்லாம் கிழிந்து, கோடுகள் வெளிறிப் போயிருக்கும். சில வீடுகளுக்கு எங்களிடமே கோப்பு இருக்கிறது. எல்லாம் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் ரிலீஸ் 12, ரிலீஸ் 14 பதிப்புகளின் காலத்தில் வரைந்தவை.

அவை திறக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் திறப்பதுதான் எளிய வேலை. ஆட்டோகேட் சேமிக்கும் டி.டபிள்யு.ஜி. கோப்பை நோட்பேடில் திறந்தால், முதல் ஆறு எழுத்துகளே அதன் வயதைச் சொல்லிவிடும். ஏசி1009 என்றால் ரிலீஸ் 11 அல்லது 12. ஏசி1014 என்றால் ரிலீஸ் 14. இன்றைய ஆட்டோகேட் இரண்டையும் படித்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கோட்டுக்குத் தடிமன் என்ற தனிப் பண்பு ஆட்டோகேட் 2000 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் நிறமே தடிமனைக் குறித்தது. எந்த நிறத்துக்கு எந்தப் பேனா என்ற பட்டியல் வரைபடத்துக்குள் இல்லாமல், பிளாட்டர் என்ற வரைபட அச்சுப்பொறியின் அமைப்பிலோ தனிக் கோப்பிலோ இருந்தது. அந்தப் பட்டியல் இல்லாமல் இன்று அச்சிட்டால், எல்லாக் கோடுகளும் 0.25 மில்லிமீட்டரில் ஒரே மாதிரி விழுகின்றன. சுவர், லாஃப்ட், சன்ஷேடு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும் பிளானை வைத்துக்கொண்டு, மேலே எந்தச் சுவரின் மீது சுவர் ஏற்றலாம் என்று யார் சொல்ல முடியும்? எங்கள் பட்டியலை மீட்டுத் தந்தவர், அந்நாளில் இங்கு வரைந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. "சிவப்பு மெல்லிசு தம்பி, பச்சை சுவரு, மஞ்சள் வெட்டுக் கோடு" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அடுத்த அலுவலகத்தில் பச்சைக்கு வேறு பொருள் இருந்திருக்கும்.

எழுத்துருவும் அப்படித்தான். ஆட்டோகேடுக்கே உரிய எஸ்.எச்.எக்ஸ். எழுத்துரு இல்லையென்றால் மென்பொருள் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாறி, அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ரிலீஸ் 14 காலத்துக் கோப்புகளில் தமிழில் எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவை யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால், "பூஜை அறை" என்ற இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும்.

ஆகவேதான் பழைய மென்பொருளையே ஓட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. 64 பிட் விண்டோஸ், ரிலீஸ் 12 போன்ற பழைய டாஸ் நிரல்களை நேரடியாக ஓட்டாது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓட்டலாம் என்றால், அந்நாளைய பிரதி, உரிமத்தைச் சரிபார்க்க பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டு ஒன்றைக் கேட்கும். இன்றைய கணினியில் அந்தப் போர்ட் பெரும்பாலும் இல்லை, யு.எஸ்.பி.யிலிருந்து மாற்றித் தரும் கேபிள்கள் பிரிண்டருக்கு உதவுமே தவிர, பூட்டை நேரடியாகத் தொடும் நிரலுக்கு உதவுவதில்லை. அதனால் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியை இணையத் தொடர்பு இல்லாமல் மூலையில் வைத்திருக்கிறோம். அதில் நாங்கள் எதையும் வரைவதில்லை. பழைய அச்சு எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி.

அதைக் கழித்துவிடலாம் என்று பொறியாளர் சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லாப் பழைய பிளான்களையும் சரியான தடிமனில் பி.டி.எஃப். ஆக்கி, பிற மென்பொருள்களும் படிக்கும் டி.எக்ஸ்.எஃப். பிரதியும் எடுத்து, மூலக் கோப்பின் மேல் எழுதாமல் தனியே சேமித்து முடிக்கும்வரை கழிக்கக் கூடாது என்பது என் கருத்து. புதிய வேலைகளுக்கு ஆட்டோகேடின் இ-டிரான்ஸ்மிட் வசதியால் எழுத்துரு, பேனா பட்டியல், இணைப்புக் கோப்புகள் அனைத்தையும் ஒரே ஜிப்பாகக் கட்டிவைக்கிறோம். பழையவற்றில் பெருமாள்புரம் வரிசை முடிந்துவிட்டது. மகாராஜநகர் பாதியில் நிற்கிறது.