சாக்லேட் கட்டி: அறுவைக்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

மாதவிடாய் நாட்களில் நிமிர்ந்து நிற்க விடாத வலியோடு சென்ற எனக்கு முதலில் கிடைத்த ஸ்கேன் அறிக்கையில், இடது சினைப்பையில் கட்டி இருக்கிறது என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. அதன் அளவு என்ன, உள்ளே இருப்பது தெளிந்த நீரா கெட்டியான திரவமா, சினைப்பை அக்கம்பக்க உறுப்புகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பன எதையும் எழுதாத அந்தத் தாளை நம்பி, தானாகக் கரைந்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சாதாரண நீர்க்கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று சுழற்சிகளில் கரைந்துவிடும். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயால் வரும் சாக்லேட் கட்டியோ, அந்தத் திசுவிலிருந்து கசியும் ரத்தம் வெளியேற வழியின்றிச் சினைப்பைக்குள் தேங்கிப் பழுப்பாகக் கெட்டிப்படுவதால் உண்டாவது. அது அவ்வளவு எளிதில் கரைவதில்லை. அனுபவமுள்ள ஒருவர் பிறப்புறுப்பு வழியாக எடுத்த அடுத்த ஸ்கேனில், கட்டி முழுவதும் ஒரே சீரான மங்கல் சாம்பலாகத் தெரிந்தது. பெயர் அப்போதுதான் தெரிந்தது.

இடையில், சினைப்பைப் புற்றுநோய் சந்தேகத்தில் பார்க்கும் சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையின் முடிவு அளவுக்கு மேல் இருப்பதாக வந்து, புற்றுநோயோ என்று வீடே கலங்கியது. எண்டோமெட்ரியோசிஸிலும், ஏன், மாதவிடாய் நேரத்தில் ரத்தம் எடுத்தாலும்கூட அந்த எண் உயரக்கூடும் என்று தாளை நீட்டியவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்றும் ஆறாதது அதற்கடுத்து நடந்தது. குழந்தை வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் அறுவைக்குத் தேதி குறித்தார் ஒரு மருத்துவர். கட்டியின் சுவரை உரித்தெடுக்கும்போது கருமுட்டைகள் உள்ள நல்ல திசுவும் சிறிது போய்விடுவதால், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் அளவு குறையக்கூடும். அதை முன்பே பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கு, பிறகு பார்க்கலாம் என்றார். வேறொருவரிடம் கருத்துக் கேட்கப் போனால், ஸ்கேன் குறுந்தகடு அவர் கணினியில் திறக்கவே இல்லை. ஒரு நாள் வீண். தகடு வாங்கும் இடத்திலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த இரண்டாவது மருத்துவர் பொறுமையாக விளக்கினார். திரவத்தை மட்டும் உறிஞ்சி எடுத்தால் கட்டி மீண்டும் நிரம்பும் வாய்ப்பு அதிகம். செயற்கைக் கருத்தரிப்புக்கு முன் குழந்தைப் பேற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுவதற்காக மட்டும் வழக்கமாக அறுவை செய்ய வேண்டியதில்லை என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் சொல்கிறது. முதலில் நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை தந்தார். வலி தணிந்தது, ஆனால் எப்போது வருமென்று தெரியாத உதிரப்போக்கு தொடக்கத்தில் பாடாய்ப் படுத்தியது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கட்டி பிறகும் வளர்ந்ததால், ஏஎம்எச் பார்த்துவிட்டு, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை செய்தார்கள். அது சிக்கலின்றி முடிந்தது.

காத்திருக்கும் காலத்தில் திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலியோ, அதனுடன் வாந்தியோ காய்ச்சலோ வந்தால், கட்டி வெடித்திருக்கலாம் அல்லது சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். முன்பதிவு நாளைப் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

வீடு திரும்பும் நாளில் தந்த சுருக்கத்தில் "கட்டிக்குச் சிகிச்சை செய்யப்பட்டது" என்று மட்டும் இருந்தது. சுவரை உரித்தெடுத்தார்களா, உறிஞ்சி மட்டும் விட்டார்களா என்பது மீண்டும் கட்டி வந்தால் அடுத்த மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. திருத்தித் தராமல் கையெழுத்திட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே, திசுப் பரிசோதனை முடிவையும் சேர்த்துப் புதிதாக அச்சிட்டுக் கொடுத்தார்கள்.