குறைமாதப் பிரசவமும் பச்சைத் தண்ணீரும்

பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தால் பிரசவ அறையில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "குழந்தை உள்ளேயே மோஷன் போயிடுச்சு." நிறைமாதக் குழந்தையென்றால் பெரும்பாலும் அது சரி. ஆனால் 34 வாரத்துக்கு முன் குழந்தை வயிற்றுக்குள் காட்டுப்பீ (குழந்தையின் முதல் மலம்) போவது அபூர்வம். அப்போது நான் இரண்டைச் சந்தேகப்படுவேன். ஒன்று, லிஸ்டீரியா போன்ற கிருமித்தொற்று. மற்றது, குடல் அடைப்பு. குழந்தை கருப்பையிலேயே பச்சை நிறப் பித்தத்தை வாந்தி எடுத்திருக்கும்.

அப்படி ஒரு குழந்தை பிறந்தது 32 வாரத்தில். தாயின் ஸ்கேனில் பனிக்குட நீர் அதிகம் என்று இருந்தது. குழந்தை விழுங்கும் நீரைக் குடல் உறிஞ்ச வேண்டும். மேலேயே அடைப்பிருந்தால் நீர் தேங்கத்தானே செய்யும்? துணியில் படிந்த நீரில் கட்டியோ திப்பியோ இல்லை. தெளிவாக, மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தது. குழந்தை நன்றாக அழுதது, மூச்சிலும் குறையில்லை. அதனால் எல்லோரும் நிம்மதியானார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. சிஸ்டரிடம் வயிற்றுக்கு டியூப் போடச் சொன்னேன். சிரிஞ்சை இழுக்க இழுக்கப் பச்சையாக வந்துகொண்டே இருந்தது. பிறந்த குழந்தையின் வயிற்றில் சில மி.லி. இருந்தாலே அதிகம்; இங்கே 20 மி.லி.யைத் தாண்டியும் நிற்கவில்லை.

எக்ஸ்ரேயில் மேல்வயிற்றில் மூன்று காற்றுக் குமிழ்கள், அதற்குக் கீழே காற்றே இல்லை. சிறுகுடலின் மேல்பகுதியில் அடைப்பு. பால் கொடுக்காமல், டிரிப் ஏற்றி, அன்றே குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம்.

"பப்பாளி சாப்பிட்டேன் டாக்டர், அதனாலயா?" என்று அந்தத் தாய் கேட்டாள். இல்லவே இல்லை என்று அழுத்திச் சொன்னேன். கேப்டவுனில் லோ, பர்னார்டு என்ற இரண்டு சர்ஜன்கள் நாயின் வயிற்றில் வளரும் குட்டிகளுக்குக் குடலுக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டிப் பார்த்து, 1955இல் அதை வெளியிட்டார்கள். பிறந்த குட்டிகளுக்கு இதே மாதிரி குடல் அடைபட்டிருந்தது. 1967இல் முதல் இதய மாற்று அறுவை செய்த அதே பர்னார்டுதான். கருவில் குடலின் ஒரு துண்டுக்கு ரத்தம் நின்றுபோவதுதான் இந்த அடைப்புக்கு முக்கியக் காரணம். தாய் தின்றதும் தின்னாததும் இதில் வராது.

பிறந்தபின் பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தைகளையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். "பால் ஒத்துக்கல" என்று சொல்லி ஒருநாள் பொறுத்துப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது. குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்திலேயே அது அழுகத் தொடங்கிவிடும். அதனால் ரெஃபரல் சீட்டில் வெறுமனே 'வாந்தி' என்று எழுதுவதில்லை. நிறம், டியூபில் வந்த அளவு, நேரம் மூன்றையும் எழுதி, அங்குள்ள சர்ஜனுக்குப் போன் செய்துவிட்டே ஆம்புலன்ஸை அனுப்புகிறேன்.