புளிப்பு ஆப்பிளும் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சட்டியும்

நைட் டூட்டி முடிந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருவில், பக்கத்து வீட்டு வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே கைக்கு அடங்காத பெரிய பச்சை ஆப்பிள்கள். சிலவற்றில் வெயில் பட்ட பக்கம் மட்டும் செம்மை ஓடியிருந்தது. மேலே ஓர் அட்டையில் 'வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒன்றைக் கழுவிக் கடித்தேன். பல் கூசிவிட்டது. ஆனால் அந்தப் புளிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த புளிப்பு. கொட்டை முற்றாத மாங்காயை உப்பு தொட்டுக் கடித்தால் வருமே, அதுதான்.

அது 2022 அக்டோபர். மே மாதம் நான் மட்டும் ஹெரஃபோர்டுக்கு வந்தேன், நர்ஸ் வேலைக்கு. ஆகஸ்டில் கணவரும் ஆறு வயது மகனும் வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்தின் மேற்கு ஓரம், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் இது. நடுவே வை ஆறு ஓடுகிறது. பேராலயத்தில் 1300ஆம் ஆண்டு வாக்கில் கன்றுத் தோலில் வரைந்த பெரிய உலக வரைபடம் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஆப்பிள் தோட்டம்தான். சைடர் என்றால் இங்கே பழச்சாறு இல்லை, ஆப்பிளைப் புளிக்கவைத்து எடுக்கும் மது. பல்மர்ஸ் கம்பெனி 1887இல் தொடங்கியது இந்த ஊரில்தான். அவர்களுடைய பழைய ஆலைக் கட்டடத்தில் இப்போது சைடர் அருங்காட்சியகம் இருக்கிறது.

கோடைக்காலம் வரை எல்லாம் நன்றாக இருந்தது. இரவு ஒன்பதரை வரை வெளிச்சம், மகனைப் பூங்காவில் இருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். அக்டோபரில் நிலைமை மாறியது. அந்த ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அன்று ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிட்டது. நாகர்கோவில் பக்கத்தில் பிறந்தவள் நான். மழைக்காலத்தில்கூட ஆறு மணி வரை வெளிச்சம் பார்த்தே பழக்கம். நாலே முக்கால் மணிக்கு மகன் ஜன்னல் அருகே நின்று, "அம்மா, நாம ராத்திரி சாப்பாடு சாப்பிடணுமா இப்ப?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில் எல்லா வீட்டிலும் பேச்சு கரண்ட், கேஸ் கட்டணம் பற்றித்தான். அக்டோபர் முதல் தேதியிலிருந்து அரசு வைத்த உச்ச வரம்பின்படியே ஒரு சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 2,500 பவுண்டு என்று கணக்கு. கரண்ட் ஒரு யூனிட் 34 பென்ஸ். ஹீட்டரைக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று போட்டோம். மிச்ச நேரம் மூன்று பேரும் ஸ்வெட்டரோடு ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருப்போம்.

சரி, ஆப்பிளுக்கு வருகிறேன். அந்தப் புளிப்பைக் கண்ட பிறகு விட மனம் வரவில்லை. ஒன்றைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு, நல்லெண்ணெயில் கடுகும் காயமும் தாளித்துக் கொட்டினேன். கல்யாண வீட்டு மாங்காய் ஊறுகாய் அப்படியே வந்தது. இன்னொன்றைச் சாளை மீன் அவியலில் போட்டேன். எங்கள் ஊரில் சாளையோ நெத்திலியோ மாங்காய் போட்டு அவியல் வைப்பது வழக்கம். நெய் மிகுந்த மீனுக்கு அந்தப் புளிப்பு இருந்தால்தான் வாய்க்கு ஏறும். கார்ன்வால் கடலில் பிடித்த சார்டின் இங்கே கிடைக்கிறது, நம் சாளையின் இனம்தான். இந்தியக் கடையில் துருவிய தேங்காய் உறைய வைத்து விற்கிறார்கள். இரண்டும் ஆப்பிளும் சேர்ந்து கொதித்த அன்று என் கணவர் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். வந்த நாள் முதல் அவர் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

ஊறுகாயில் ஒரு சின்ன பாட்டிலைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொண்டுபோனேன். எழுபது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். மரம் அவர் கணவர் நட்டது. கதவைத் திறந்தவர், விஷயத்தைக் கேட்டதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பிஸ்கட் மீது ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தும் இன்னொரு தடவை தொட்டார். "இதன் பெயர் பிராம்லி" என்றார். அப்படியே சாப்பிடுகிற பழம் இல்லையாம். சமையலுக்கென்றே இருக்கும் ஆப்பிளாம்.

அவர் சொன்ன கதை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சின்னப் பெண் சில ஆப்பிள் விதைகளை ஊன்றிவைத்தாள். அதில் ஒன்று மரமானது. பிறகு அந்த வீட்டை மாத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். ஒட்டுச்செடி கட்டி விற்கக் கேட்டு வந்த நர்சரிக்காரப் பையனிடம், கொண்டுபோ, ஆனால் என் பெயரில்தான் விற்க வேண்டும் என்றாராம். உலகத்தில் இருக்கும் பிராம்லி மரம் எல்லாமே அந்த ஒரே மரத்தின் ஒட்டு, ஒட்டின் ஒட்டு. 1900ஆம் ஆண்டு வாக்கில் புயலில் தாய்மரம் விழுந்து, விழுந்த கிளையிலிருந்தே மறுபடி துளிர்த்தது. ஜன்னல் வழியாக அந்த அம்மாவின் மரத்தைப் பார்த்தேன். அடிமரத்தில் ஒட்டுக் கட்டிய இடம் முழங்கால் உயரத்தில் முண்டாகப் புடைத்திருந்தது. என் அப்பா ஒட்டுமா நட்ட பிறகு அந்த முண்டைத்தான் தினமும் போய்த் தடவிப் பார்ப்பார்.

கிளம்பும்போது அவர் ஒரு பை நிறைய ஆப்பிள் கொடுத்து, "பன்றி இறைச்சி சாப்பிடுவீர்களா?" என்று தயங்கிக் கேட்டார். சாப்பிடுவோம். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பன்றிதான். விடியற்காலையில் அப்பா போய்த் தேக்கிலையில் பொதிந்து வாங்கி வருவார். அம்மா குருமிளகு இடித்து, தேங்காயைக் கொத்துக் கொத்தாகக் கீறிப் போட்டு வரட்டுவாள். ஆனால் இறைச்சியோடு பழத்தைப் போடுவது எனக்குப் புதிது. பன்றித் தோள்பட்டையை ஆப்பிளோடு ஓவனில் வேகவைக்கும் முறையை அந்த அம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், ஆறே வரி. கடைசி வரியைப் பேனாவால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்: 'அவசரப்படாதே.'

முதல் தடவை நான் அவசரப்பட்டுவிட்டேன். நம் கை குக்கருக்குப் பழகிய கை. ஓவனில் சூட்டை ஏற்றி வைத்தால் சீக்கிரம் வேகும் என்று 200 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்தில் எடுத்தேன். வெந்திருந்தது, ஆனால் மெல்ல முடியவில்லை. தோள்பட்டை என்பது பன்றி நாள் முழுக்க வேலை வாங்குகிற தசை. இடையில் எல்லாம் சவ்வு ஓடும். அந்தச் சவ்வு 70 டிகிரிக்கு மேல் மெதுவாகத்தான் இளகி ஜெலட்டினாக மாறும். அதற்கு வேண்டியது பெரிய தீ இல்லை, நேரம். நடுத்துண்டு 90 டிகிரியைத் தாண்டி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால்தான் கரண்டி பட்டதும் பிரிந்து வரும்.

அடுத்த ஞாயிறு ஒழுங்காகச் செய்தேன். இப்போதும் அப்படியேதான் செய்கிறேன். இறைச்சிக் கடையில் ஷோல்டர் என்று கேட்டு, எலும்பும் தோலுமாக இரண்டு கிலோ துண்டு வாங்குவேன். தோலை விரல் அகலத்தில் கீறித் தரச் சொன்னால் கீறித் தருவார்கள். சனிக்கிழமை இரவே தோலைத் துணியால் துடைத்து, கல் உப்பைக் கீறலுக்குள் இறங்குகிற மாதிரி தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். தோல் காய்ந்தால்தான் பிறகு அப்பளம் மாதிரி பொரியும். சதைப் பக்கத்துக்கு மட்டும் இடித்த மிளகும் சோம்பும். சோம்பு அந்த அம்மாவின் தாளில் இல்லை, அது என் சேர்க்கை. அவர் எழுதியது சேஜ் என்ற மூலிகை இலை, அதையும் நாலு கிள்ளிப் போடுவேன்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு 220 டிகிரியில் அரை மணி நேரம். தோல் கொப்புளித்து எழும்ப ஆரம்பிக்கும். பிறகு 150க்கு இறக்கி, அடியில் பட்டை பட்டையாக வெட்டிய வெங்காயம் மூன்று, தோல் சீவிய பிராம்லி இரண்டு, கொட்டை எடுத்த உலர்ந்த பிளம் ஒரு கைப்பிடி, அரை லிட்டர் இனிப்பில்லாத சைடர். சைடர் வேண்டாம் என்பவர்கள் ஆப்பிள் சாற்றில் இரண்டு ஸ்பூன் வினிகர் கலந்து ஊற்றலாம். தண்ணீர் தோலைத் தொடக் கூடாது. அவ்வளவுதான், மொத்தம் மூன்றரை மணி நேரம், கடைசி நாற்பது நிமிடம் வரும் வரை கதவைத் திறக்காமல் விட்டுவிட வேண்டும். பிராம்லி அதற்குள் நுரை மாதிரி உடைந்து கரைந்து குழம்போடு குழம்பாகிவிடும். அதனால் கடைசி நாற்பது நிமிடத்துக்கு காக்ஸ் ஆப்பிள் இரண்டை நாலாக வெட்டிச் சேர்ப்பேன். காக்ஸ் வெந்தாலும் வடிவம் குலையாது. ஒன்று புளிப்புக்கு, ஒன்று கடிக்க.

ஒழுங்காகச் செய்த அந்த முதல் ஞாயிறு மாலை சமையலறை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து, மகன் விரலால் மீன் வரைந்துகொண்டிருந்தான். ஓவனுக்கு எவ்வளவு கரண்ட் போயிருக்கும் என்று கணவர் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று யூனிட், ஒரு பவுண்டு சொச்சம். "ஹீட்டர் போடாம இருந்தோம்ல, சரியாப் போச்சு" என்றார். வெளியே இருட்டியதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

பன்றியும் ஆப்பிளும் எப்படிச் சேர்ந்தன என்பதற்கு இந்தப் பக்கத்து மண்ணே பதில் சொல்கிறது. முன்பெல்லாம் தோட்டத்தில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்னப் பன்றியை அவிழ்த்துவிடுவார்கள். பக்கத்து மாவட்டமான குளோஸ்டர்ஷயரில் ஓல்ட் ஸ்பாட்ஸ் என்று ஒரு வகை, வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி. அதற்குத் தோட்டப் பன்றி என்றே பெயர். மரத்திலிருந்து ஆப்பிள் விழுந்து விழுந்து கன்றிய இடம்தான் அந்தப் புள்ளி என்று கிராமத்தில் சொல்வார்களாம். ஆப்பிள் பறித்து முடிகிற நேரமும், கொழுத்த பன்றியைக் குளிர்காலத்துக்காக அறுக்கிற நேரமும் ஒன்றுதான், நவம்பர் தொடக்கம். ஒரே வாரத்தில் கைக்கு வந்தது ஒரே சட்டியில் சேர்ந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழம் போட்ட இறைச்சி எனக்கு விநோதமாகத் தோன்றவில்லை. கொழுப்பைப் புளிப்பால் வெட்டுவது சாளை அவியல் வைத்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் தெரிந்த கணக்குதானே.

சென்ற இலையுதிர்காலத்தில் அம்மா வந்திருந்தாள். முதல் வாரம் முழுக்க வெயில் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அம்மாவையும் கூப்பிட்டு மேசையில் நாற்காலி போட்டேன். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், நடுவே பன்றி. தோலை உடைத்தபோது மொறுமொறு என்று கேட்ட சத்தத்துக்கு மகன் கை தட்டினான். அம்மா ஒரு துண்டை வாயில் வைத்து, கொஞ்ச நேரம் பேசாமல் மென்றாள். பிறகு, "மக்களே, இதுல மாங்கா போட்டியா?" என்றாள். ஜன்னலைக் காட்டினேன். இருட்டில் மரம் தெரியவில்லை, ஆனாலும் எட்டிப் பார்த்தாள்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்து, நான் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். சட்டியைக் கழுவப் போட எடுத்தபோது அம்மா தடுத்தாள். அடியில் கருகிப் பிடித்த வெங்காயமும் கரைந்த ஆப்பிளும் நெய்யுமாக ஒட்டியிருந்தது. காலையில் வைத்த சோறு இருக்கிறதா என்று கேட்டு, அதை மைக்ரோவேவில் சூடாக்கித் தரச் சொன்னாள். அப்படியே சட்டியில் கொட்டி, நாலு மூலையிலும் விரலால் சுரண்டிச் சுரண்டிப் பிசைந்தாள். முதல் உருண்டை பேரனுக்கு, அடுத்தது மருமகனுக்கு, பிறகு எனக்கு. பக்கத்து வீட்டு அம்மா என் முகத்தைப் பார்த்தார். கையை எப்படிக் குழித்து நீட்ட வேண்டும் என்று காட்டினேன். நீட்டினார். அம்மா பெரிய உருண்டையாகப் பிடித்து வைத்தாள்.