40,000 ரூபாய் கிரைண்டரும் பித்தளை ஃபில்டரும்

இரண்டு வருடமாக மிக்ஸியில்தான் காபிக் கொட்டை அரைத்தேன். ஏற்காட்டு அரபிகா, பிளாண்டேஷன் ஏ என்ற தரம், நடுத்தர வறுவல். ஒரு நாள் டிகாஷன் கள்ளிச்சொட்டாக இறங்கும்; மறுநாள் ஃபில்டர் அடைத்துக்கொண்டு சொட்டவே சொட்டாது. வறுவலில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

அரைத்த பொடியை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்த அன்றுதான் விஷயம் புரிந்தது. பாதி மைதா மாதிரி விரலில் ஒட்டியது, நடுநடுவே கால் கொட்டை அளவுக்குக் குருணை. மிக்ஸி பிளேடு கொட்டையைக் கண்டபடி வெட்டுகிறது, அவ்வளவுதான். அந்த மாவு ஃபில்டர் ஓட்டையை அடைக்கிறது, கசப்பையும் இறக்குகிறது. குருணை தன்னிடம் உள்ளதைக் கொடுக்காமலே கிடக்கிறது, அதனால் புளிப்பு. ஒரே டம்ளரில் இரண்டும் இருந்ததற்கு இதுதான் காரணம்.

முதலில் 1,500 ரூபாயில் பீங்கான் பர் வைத்த கைக் கிரைண்டர் வாங்கினேன். பர் என்பது கொட்டையை அரைக்கும் பாகம்: பல் வைத்த கூம்பு ஒன்று பல் வைத்த வளையத்துக்குள் சுற்றும்; நடுவில் இருக்கும் இடைவெளிதான் பொடியின் அளவு. இதில் அச்சு ஆடியது. அச்சு ஆடினால் இடைவெளியும் மாறும், குருணை குறையவில்லை. அந்தப் பணம் வீண்.

அடுத்து 5,500 ரூபாயில் ஸ்டீல் பர். மேலும் கீழும் பேரிங் இருப்பதால் அச்சு ஆடாது. முதல் நாளே 20 கிராம் அரைத்து, அதே பித்தளை ஃபில்டரில், அதே 120 மில்லி வெந்நீர். மிக்ஸிப் பொடியில் முக்கால் மணி நேரம் இழுத்தது இப்போது 20 நிமிடத்தில் இறங்கிவிட்டது. எதையும் சொல்லாமல்தான் அம்மாவுக்குக் கொடுத்தேன். "இன்னிக்கு நாக்குல துவர்ப்பு நிக்கலையேடா" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

அப்புறம் நண்பர் ஒருவர் தன் 40,000 ரூபாய் எலக்ட்ரிக் கிரைண்டரைப் பத்து நாள் கொடுத்து வைத்தார். பொடி இன்னும் சீராக இருந்தது, தாளில் பரப்பினாலே தெரியும். பாலும் சர்க்கரையும் சேர்க்காமல், பேப்பர் ஃபில்டரில் வடித்த கறுப்புக் காபியில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. பின்சுவை சுத்தமாக இருந்தது. ஆனால் 20 சதவீதம் சிக்கரி கலந்து, பால் ஊற்றி, டபராவில் ஆற்றிக் குடித்தபோது? மனைவி நான்கு நாள் மாற்றி மாற்றிக் கலந்து கொடுத்தாள், எந்தக் கிரைண்டர் பொடி என்று இரண்டு நாள் தப்பாகச் சொன்னேன். ஃபில்டர் காபிக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

எஸ்பிரெஸ்ஸோ போடுபவர்கள் கதை வேறு. அங்கே மயிரிழை மாற்றத்துக்கே காபி ஓடும் வேகம் மாறிவிடும், நல்ல கிரைண்டர் இல்லாமல் முடியாது. கூட்டுக் குடும்பமாக இருந்தாலும் எலக்ட்ரிக் நியாயம்தான். என் கைக் கிரைண்டரில் ஒரு தடவைக்கு 25 கிராம்தான் பிடிக்கும், விருந்தாளி வந்தால் மூன்று முறை சுற்ற வேண்டியிருக்கிறது.

இன்னும் மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒரேயடியாக ஓட்டாதீர்கள். இரண்டு இரண்டு நொடியாக விட்டு விட்டு ஓட்டி, ஜாரைக் குலுக்கி, சலித்துவிட்டு, மேலே தங்கும் குருணையை மட்டும் திரும்ப அரையுங்கள். பாதிக் குறை அதிலேயே தீரும்.

இந்த வாரம் பீபரி வாங்கியிருக்கிறேன். உருண்டைக் கொட்டை, பர் அதை எப்படிப் பிடிக்கிறது என்று நாளைக் காலை பார்க்க வேண்டும்.