வளைவு எங்கே போய் நிற்கிறது? பெங்களூருக்கு ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு

இங்கே உயிரியல் ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்ய வரும் தம்பி தங்கைகளிடம், நேரம் ஆக ஆக இறங்கும் அளவீட்டுப் புள்ளிகளைக் கொடுத்து அரை ஆயுள், அதாவது அளவு பாதியாக ஆகும் நேரம், கேட்பார்கள். கல்லூரிப் பழக்கத்தில் உடனே லாக் (மடக்கை) எடுத்து நேர்கோடு போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த வளைவு கடைசியில் பூஜ்யத்துக்குத்தான் இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

உயிரியல் அளவீட்டில் பெரும்பாலும் அப்படி இறங்காது. செல்லுக்கே சொந்தமாக ஒளிர்வு உண்டு, கருவிக்கும் பின்னணி அளவு உண்டு. உண்மையான அரை ஆயுள் 20 நிமிடம், பின்னணி 10 என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் 100, 55, 32.5, 21.3, 15.6 என்று வரும். பின்னணியைக் கழிக்காமல் லாக் எடுத்துக் கோடு போட்டால் விடை கிட்டத்தட்ட 30 நிமிடம்! கோடும் பார்வைக்கு ஓரளவு நன்றாகவே பொருந்தும், அதுதான் ஆபத்து.

சரி, 10-ஐக் கழித்துவிட்டு லாக் எடுக்கலாமே? அப்போது வால் பகுதி ஆட்டிவைக்கும். 11-க்கும் 12-க்கும் உள்ள அற்ப வித்தியாசம், கழித்த பிறகு 1-க்கும் 2-க்கும் ஆகிவிடுகிறது. லாக்கில் அது 45-க்கும் 90-க்கும் உள்ள இடைவெளிக்குச் சமம். அதனால் தொடக்க அளவு, வேகம், பின்னணி மூன்றையும் சேர்த்து நேரடியாக வளைவையே பொருத்துங்கள். வளைவு தட்டையாகும் வரை அளந்திருக்க வேண்டும். மூன்று அரை ஆயுள் கழிந்தும் 12.5 சதவீதம் மிச்சமிருக்கும், ஐந்து கழிந்தால்தான் 3 சதவீதம்.

பைத்தான் நிரல்மொழியில் சைபை (SciPy) தொகுப்பின் கர்வ்-ஃபிட் (curve_fit) என்ற வளைவு பொருத்தும் கட்டளை, தொடக்க மதிப்பு கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் 1 என்று எடுத்துக்கொள்ளும். நேரம் விநாடிக் கணக்கில் ஆயிரங்களில் இருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். வரைபடத்தில் பாதியாகும் நேரத்தைக் கண்ணால் பார்த்து, 0.693-ஐ அதனால் வகுத்து, வேகத்தின் தொடக்க மதிப்பாகக் கொடுங்கள்.

அப்புறம், நேர்காணலுக்கு நான் எல்லோருக்கும் சொல்லும் ஒன்று. ஈ.கோலை என்ற பாக்டீரியா நல்ல வளர்ப்பு ஊடகத்தில் சுமார் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். உற்பத்தி நின்ற ஒரு புரதத்தின் செறிவு அங்கே 20 நிமிடத்தில் பாதியானால், அது சிதைகிறது என்று சொல்லிவிடாதீர்கள். அந்த இறக்கத்தைத் தர, செல் வளர்ந்து பிரிவதால் ஏற்படும் நீர்த்தலே போதும். அளந்த வேகத்திலிருந்து வளர்ச்சி வேகத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் சிதைவு.