மூன்றாவது சரணம்

அமெரிக்காவில் படித்த காலத்தில், ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இசைப் பிரிவில் பகுதிநேர வேலை பார்த்தேன். பழைய இசைத்தட்டுகளைத் துடைத்து, ஓடவிட்டு, கணினியில் ஏற்ற வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பாட்டுக்கும் விவரம்: பெயர், எழுதியவர், பாடியவர், ஆண்டு, பொருள்.

அப்படிக் கைக்கு வந்தது ஜோன் பயஸின் 'டேவிட்ஸ் ஆல்பம்', 1969. நாட்டுப்புறப் பாடகியான அவர், நாஷ்வில் நகரத்துக் கன்ட்ரி இசைக்கலைஞர்களோடு சேர்ந்து பதிவு செய்த தட்டு. அதில் 'கிரீன், கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்' ஓடியது. ஒருவன் ரயிலைவிட்டு இறங்குகிறான். அம்மாவும் அப்பாவும் காத்து நிற்கிறார்கள். மேரி ஓடி வருகிறாள். பெயின்ட் காய்ந்து வெடித்த பழைய வீடு, சின்ன வயதில் விளையாடிய ஓக் மரம். பொருள் என்ற கட்டத்தில் 'ஊர் திரும்புதல்' என்று அடித்துவிட்டு, அடுத்த தட்டைத் துடைக்கப் போய்விட்டேன்.

மறுநாள் என் மேலாளர், அந்தப் பிரிவிலேயே தலை நரைத்த பெண்மணி, அந்தப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "மூன்றாவது சரணத்தைக் கேட்டீர்களா?"

கேட்கவில்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனை நீட்டினார்.

மூன்றாவது சரணத்தில் அவன் கண் விழிக்கிறான். சுற்றிலும் நான்கு சாம்பல் நிறச் சுவர்கள். பக்கத்தில் காவலர், வயதான பாதிரியார். விடிந்ததும் அவர்களோடு சாவுக்கு நடக்க வேண்டும். ஊரார் அந்த ஓக் மர நிழலுக்கு வரப்போவது அவனைப் புதைக்கத்தான். ரயில், அம்மா, மேரி எல்லாமே கனவு. எனக்குக் கை விறைத்துப்போனது.

கர்லி புட்மன் எழுதிய பாட்டு அது. 1965இல் போர்ட்டர் வாகனர் பாடிக் கன்ட்ரி ரசிகர்களிடம் பரவியது. மறுவருடம் டாம் ஜோன்ஸ் பாடி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1968 ஜனவரியில் ஜானி கேஷ் இதை ஃபோல்சம் சிறைக்குள் கைதிகள் முன்னால் பாடினார். அவர் பாடியது உள்ளே இருப்பவர்களுக்கு. பயஸ் பாடியதோ, உள்ளே போகக் காத்திருந்த ஒருவருக்கு. தட்டின் பெயரில் உள்ள டேவிட், அவருடைய கணவர் டேவிட் ஹாரிஸ். வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவச் சேர்க்கையை மறுத்தவர். அவருக்கு மரண தண்டனை இல்லைதான். ஆனாலும் கல்யாணமான அடுத்த வருடமே கணவன் ஜெயிலுக்குப் போகப்போகிறான் என்று தெரிந்த ஒரு பெண், நான்கு சுவர் என்று பாடுவதை வேறு எப்படிக் கேட்பது? 1969 வசந்தத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கணவர் சிறை செல்வதைப் பற்றிப் பேசினார் பயஸ். ஏன் செல்கிறார் என்று அவர் சொன்னதை, அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் வெட்டிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

ஜூலையில் ஹாரிஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆகஸ்டில் பயஸ் கர்ப்பிணியாக வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் நின்று பாடினார்.

பொருளைத் திருத்தினேன். 'யாருக்காக' என்று எழுதப் பட்டியலில் கட்டம் கிடையாது. குறிப்பு என்ற இடத்தில் ஹாரிஸின் பெயரையும், அவர் சிறைக்குப் போன மாதத்தையும் எழுதிக் காட்டினேன்.

மேலாளர் படித்துப் பார்த்தார். "சரி, அவர் வெளியே வந்த மாதத்தையும் போடுங்கள்" என்றார்.

1971 மார்ச் என்று சேர்த்தேன்.